கிரான்லி வீதி மேடு

நுவரெலியாவின் கிரான்லி வீதியில் நடக்கும்போது தேயிலைத் தோட்டத்து ஆட்களின் கால் தரையில் நிற்காது. தொடக்கத்தில் எல்லாரையும் போலத்தான் அடியெடுத்து வைப்பார்கள். நாலடி போவதற்குள் பாதம் தரையை விட்டு ஒரு சாண் மேலே இருக்கும். தபால் பெட்டியைத் தாண்டும்போது ஓர் ஆள் உயரம். வீதியின் நடுவில் இருக்கிற இரும்பு நீரூற்றுக்கு நேரே வரும்போது சைப்பிரஸ் மரங்களின் நுனிக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு இறக்கம். மறுமுனையில் குதிரைக்காரர்கள் நிற்கிற இடத்தில் மறுபடி தரைக்கு வந்து, சேலையை உதறிவிட்டுக்கொண்டு பஸ் பிடிக்கப் போவார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள், வெள்ளைக்காரர்கள், பஜார் முதலாளிமார், போலீஸ்காரர்கள் எல்லாருக்கும் அந்த வீதி சமதரை. தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் அது மேடு.

இதில் மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த இடத்தில் ஒரு காலத்தில் உண்மையாகவே ஒரு மேடு இருந்தது. கிரான்லி என்ற துரைக்குச் சாயங்காலத்தில் தன் துரைசாணியைக் குதிரை வண்டியில் உலாத்தக் கூட்டிப்போக, அவருடைய ஊரில் இருந்த மாதிரி நேரான, அகலமான ஒரு வீதி வேண்டியிருந்தது. கடலைத் தாண்டி, காட்டைத் தாண்டி, இத்தனை உயரம் ஏறி வந்து சேர்ந்த பிறகு அந்த மனிதருக்கு ஏற்றம் என்றால் பிடிக்காமல் போய்விட்டது. பொகவந்தலாவை, திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களில் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வந்து நின்ற ஆட்களை அப்படியே ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் அந்த மேட்டை வெட்டி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, கீழேயிருந்த சதுப்பில் கொட்டினார்கள். மழைக்காலம் முழுவதும் சுமந்தார்கள். கூடையோடு சதுப்பில் விழுந்தவர்கள் சிலர் எழும்பவே இல்லை. மேடு ஒழிந்தது என்று துரை விருந்து வைத்தார். வேலை முடிந்து தோட்டத்துக்குத் திரும்பிய ஆட்கள் புதிய வீதி வழியாக வந்தபோது, பழைய மேட்டின்மேலேயே ஏறி இறங்கி வந்தார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள், பிள்ளைகளுடைய பிள்ளைகளும் அப்படியே.

"செமந்து கொட்டுனவனுக்குத்தானே அது எம்புட்டுப் பெருசுன்னு தெரியும்? அது இல்லேன்னு துரை சொல்லிட்டா அவன் காலு கேக்குமா?" என்று சண்முகவடிவு கேட்பாள். பொகவந்தலாவைக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள் இந்தச் சண்முகவடிவு. புருஷன் சின்னராசா குளவி கொட்டிப் போன பிறகு ஒரே மகளைத் தனியாளாக வளர்த்தவள். வாயில் வெற்றிலை இல்லாத நேரத்திலும் துப்புகிற மாதிரியே பேசுவாள்.

அவள் அந்த வீதியை முதன்முதலில் பார்த்தது கல்யாணமான புதிதில், ஏப்ரல் சீசனில். சின்னராசா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ தானே கட்டின வீதியைக் காட்டுகிற மாதிரி அவளைக் கூட்டிப் போனான். ஒரு வகையில் அது உண்மைதான், ஆனால் அதை நினைத்து அவன் பெருமைப்படவில்லை. கண்ணாடிக் கூண்டு வைத்த விளக்குத் தூண்களையும், செத்துப்போன துரைமாரின் பெயர் பொறித்த பெஞ்சுகளையும், வாயைப் பிளந்து நிற்கிற இரும்பு மீனிலிருந்து தண்ணீர் வடிகிற நீரூற்றையும் பார்த்துத்தான் பூரித்துப் போனான். சண்முகவடிவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மீனுக்குச் சளி பிடித்திருக்கிறது என்றாள். குதிரைகளின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்த கொழும்புக்காரர்கள் தாங்களே கவர்னர் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். மேட்டின் உச்சிக்குப் போனதும் அவள் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு வெள்ளைச் சுவரும் வளைந்த ஜன்னலுமாகத் தெரிந்த கட்டிடங்களுக்கெல்லாம் பின்னால் துருப்பிடித்த தகரக் கூரைதான். தகரம் பறக்காமலிருக்கக் கல்லை வைத்திருந்தார்கள். ஒழுகுகிற இடத்தில் பிளாஸ்டிக் சீட்டைப் போட்டு டயரால் அமுக்கியிருந்தார்கள். எங்கள் லயத்து வரிசை வீட்டுக் கூரையும் இதுவும் ஒன்றுதான், முன்பக்கத்துக்கு மட்டும் பவுடர் பூசியிருக்கிறார்கள் என்று அன்றைக்கே அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்தத் தீர்ப்பை அவள் பிறகு மாற்றிக்கொள்ளவே இல்லை.

மேட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பிடித்திருப்பது நிற்கும், வைத்தது விழும். ஆட்களுக்குத்தான் அது மேடு, பொருட்களுக்கு இல்லை. இதைத் தோட்டத்து ஆட்கள் தெரிந்துகொண்டது கிரான்லி துரைசாணியால். தன் வேலைக்காரர்கள் தனக்கு மேலே நடந்து போவதைப் பார்த்து அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தானும் அங்கே போய்ச் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்றாள். நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். சுமந்தால் யாரையும் கொண்டுபோக முடிந்தது. பல சாயங்காலங்கள் அப்படிப் போய் வந்தாள். ஒருநாள் உச்சியில் மூச்சு வாங்கியபோது அந்த நாலு பேரும், எந்த மலையிலும் பாரத்தை இறக்கி வைத்து ஆறுகிற மாதிரி, நாற்காலியை இறக்கி வைத்தார்கள். துரைசாணி விழுந்த இடத்தில்தான் பிறகு அந்த நீரூற்றை வைத்தது. இடுப்பு எலும்பு போய், கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். வேண்டுமென்றே வைத்தார்களா, மறந்து வைத்தார்களா என்று துரை எவ்வளவோ விசாரித்தும் தெரியவில்லை. இருப்பினும் அன்றோடு ஆளைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறுகிற வேலையைத் தோட்டத்து ஆட்கள் விட்டுவிட்டார்கள்.

வெள்ளைக்காரன் போன பிறகு மேடு போய்விடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அது அப்படியேதான் இருந்தது. கொழும்பிலிருந்து நிபுணர்கள் வந்து இரண்டு நாள் ஹோட்டலில் தங்கிச் சாப்பிட்டு, இது காற்றழுத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேலேயிருந்து ஒரு வெற்றிலைத் தட்டு ஒரு பெரிய அதிகாரியின் வழுக்கையில் விழுந்த வருஷத்தில், "அனைவரும் தரையில் நடக்கவும்" என்று மூன்று மொழியிலும் பலகை நட்டார்கள். தேர்தல் வந்தால் தலைவர்மார் அந்த மேட்டைத் தோட்டத்து மக்களுக்கே உறுதிப் பத்திரம் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். இருக்கிற நிலத்தில் ஒரு துண்டு கேட்டவர்களுக்கு இல்லாத நிலத்தை முழுசாகத் தரத் தலைவர்மாருக்கு மனசு வந்தது. சொன்னவர்கள் யாரும் அந்த வீதியில் இறங்கி நடக்கவில்லை. வண்டியில் போனால் மேடு ஒன்றும் செய்யாது. ஆகவே கார்க் கண்ணாடியை இறக்கிக் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருஷத்தில்கூட எப்படியோ கார்தான் வந்தது.

இந்த மேட்டால் நன்மையடைந்தவர்கள் ஹட்டன் பஜார்க்காரர்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் பெண்ணை நாலடி நடக்கச் சொல்லிப் பார்க்கிற வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. பஜார்க்காரர்கள் அந்த நாலடியைக் கிரான்லி வீதியில் வைத்துக்கொண்டார்கள். பெண்ணை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போய், ஸ்ட்ராபெரி வாங்கிக் கொடுத்து, படம் எடுப்போம் வா என்று வீதியில் நடக்க விடுவார்கள். கால் தரையில் நின்றால் சம்பந்தம். எழும்பினால், ஜாதகம் பொருந்தவில்லை என்று அடுத்த நாள் ஆள் வரும். தாங்களும் தோட்டத்து ஆட்கள் வந்த அதே ராமேஸ்வரம் பாதையில் நடந்து, அதே கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் என்பதை அவர்கள் மறக்கவில்லை, மறைக்கத்தான் செய்தார்கள். இந்தப் பரீட்சையில் பெரிய கைகாரி என்று பெயர் வாங்கியவள் துணிக்கடை ரத்னா. சொந்தத்தில் யார் வீட்டில் பெண் பார்த்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெண்ணை முன்னால் விட்டு, பாதத்தையே பார்த்தபடி பின்னால் நடப்பாள். ரத்னாவின் தாத்தாவுடைய அப்பா கணக்கப்பிள்ளையாக வந்தவர். குடை பிடித்தாரே தவிர கூடை பிடிக்கவில்லை. ஆகவே அவளுடைய கால் அந்த வீதியில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். அவளுடைய புருஷன் வைரவன் திருச்சியிலிருந்து வந்தவர் என்று அவளுடைய அப்பா கடையில் வேலைக்குச் சேர்ந்து, வீட்டோடு மாப்பிள்ளையானவர். ஊரிலிருந்து வந்தவர் என்பதில் ரத்னாவுக்குப் பெருமை உண்டு. அவர்தான் எப்போதும் வேனை ஓட்டிக்கொண்டு போவார், எப்போதும் வேனிலேயே உட்கார்ந்திருப்பார். ஏன் இறங்கவில்லை என்று யாராவது கேட்டால், "வேன பாத்துக்க ஒரு ஆள் வேணுமில்ல" என்பார்.

ரத்னாவின் மகன் தரணிதரனுக்கும் சண்முகவடிவின் மகள் பிரியந்தினிக்கும் பழக்கம் வந்தது ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில். பிரியந்தினி அங்கே வேலை பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே ஹட்டனில் தாய்மாமன் வீரய்யா வீட்டில் தங்கிப் படித்தவள். தரணிதரனுக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போய் வந்த தலைவலி இது என்று சண்முகவடிவு சொல்லுவாள். பையன் தங்கமான பையன், ஆனால் அம்மா இருக்கிற அறையில் அவனுக்கு முதுகெலும்பு இருக்காது. பெண் கேட்டு வந்தவர்களிடம் வீரய்யா வாய்கூசாமல், "என் தங்கச்சிக்குப் பொகவந்தலாவைல சொந்தக் காணி இருக்குங்க" என்று சொல்லிவிட்டார். பெண் பார்க்கிற அன்று சண்முகவடிவை ஊசிமலையிலிருந்து வரவழைத்து, மகளுடைய சேலையைக் கட்டிவிட்டு, கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கொழுந்துக் கறை எந்த சோப்புக்கும் போகாது. விரலைப் பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். அவள் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு, காணியுடைய சீமாட்டி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கேவலமாக இருந்தது. மகளுக்காகச் சகித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் பார்த்த ஒரே வேடிக்கை வைரவன் தேத்தண்ணி குடித்ததுதான். சாயத் தேத்தண்ணியில் சீனியைப் போடாமல், உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு நக்கி ஒரு மிடறு குடித்தார். ரத்னா ஒரு பார்வை பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார். திருச்சியிலும் லயத்தில் மாதிரி இப்படித்தான் குடிப்பார்கள் போலிருக்கிறது என்று சண்முகவடிவு நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே கிரான்லி வீதிக்கு நாள் குறித்தார்கள். பிரியந்தினி அந்த வீதியில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனபோது வயிற்றுவலி என்று சொல்லி பஸ்ஸிலேயே படுத்துக்கொண்டவள். இப்போது அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, அல்லது நம்பிக்கை என்று ஒன்றை அவள் பிடித்து வைத்திருந்தாள். "நான் ஒருநாளும் கூடை தூக்கலேல்லம்மா. காலுக்குச் சப்பாத்துப் போட்டு வளந்தவ. எனக்கு எதுக்கு அந்த மேடு தெரியணும்?" என்றாள்.

"ஒங்க அப்பா மூக்கு ஒனக்கு வந்துருக்கே, அத என்ன நீ தூக்கிட்டா வந்த?" என்று சண்முகவடிவு கேட்டாள். அந்த வீட்டுச் சோற்றைத் தின்றால்தான் ஆச்சா, நடந்து காட்டித்தான் கட்டிக்கொள்ள வேண்டுமா, நம்மைக் குதிரை பார்க்கிற மாதிரி பார்க்கிறார்களே, உனக்கு ரோசம் இல்லையா என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பிரியந்தினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவன் இல்லாவிட்டால் தனக்கு யாருமே வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அதைச் சொன்னபோது அவளுடைய முகம் சின்னராசா செத்த அன்று இருந்த மாதிரி இருந்தது. சண்முகவடிவுக்கு அந்த மாப்பிள்ளையும் வேண்டாம், மாமியாரும் வேண்டாம். ஆனால் இந்த முகத்தை மறுபடி பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. வருகிறேன் என்றாள். அப்போதுதான் மகள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"நீ மட்டும் வேன விட்டு எறங்கிடாதம்மா. ஒன்னயக் கெஞ்சிக் கேக்கிறேன்."

இத்தனை வருஷத்தில் துரையும் கங்காணியும் தலைவரும் சொன்ன எதுவும் சண்முகவடிவுக்கு இப்படித் தைத்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போகிற மாதிரி எழும்பிப் போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் தலவாக்கலை வழியாகப் போனார்கள். ரத்னா வழி முழுவதும் கிரான்லி துரையைத் தனக்கு நேரில் தெரிந்த மாதிரி பேசினாள். அந்தக் காலத்தில் எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு சுத்தம், இப்போது பாருங்கள் என்றாள். சண்முகவடிவு ஜன்னல் வழியாகக் கொழுந்து முத்திப் போய்க் கிடந்த மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீதியின் முனையில் வேனை நிறுத்தினார்கள். லேசாகத் தூறல். ரத்னாவும் பிள்ளைகளும் இறங்கினார்கள். தனக்குத் தலைசுற்றுகிறது என்று சண்முகவடிவு, மகள் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள். தரணிதரன் பின்சந்து வழியாகச் சுற்றி அனுப்பப்பட்டு, மறுமுனையில் குதிரைக்காரர்கள் பக்கம் நிற்க வைக்கப்பட்டான். மாப்பிள்ளைமார் அந்தப் பக்கத்தில் காத்திருப்பதுதான் வழக்கம். அவன் குதிரைக்காரர்கள் மிதித்து வைத்திருந்த சேற்றில், வீதிக்கு ஓர் அடி வெளியே, ஒரு கறுப்புக் குடையோடு நின்றான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இந்த வீதியில் நடக்க வாய்த்ததில்லை. குழந்தையாக இருந்தபோது அப்பா அவனை வேனிலேயே தன்னோடு வைத்துக்கொள்வார், வளர்ந்த பிறகு கடையில் வேலை இருக்கும்.

வேனுக்குள் வைரவனும் சண்முகவடிவும் மட்டும் இருந்தார்கள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. அவர் துடைப்பானை ஒருமுறை போட்டுவிட்டு நிறுத்தினார்.

"நீங்க நடக்கலீங்களா?" என்று சண்முகவடிவு சும்மா கேட்டு வைத்தாள்.

"வேன பாத்துக்க ஒரு ஆள் வேணுமில்ல," என்றார் அவர்.

இந்தத் தகர டப்பாவை எவன் தூக்கிக்கொண்டு போகப் போகிறான் என்று நினைத்துக்கொண்டாள். எதிரே பிரியந்தினி நடக்கத் தொடங்கியிருந்தாள். ரத்னா பின்னால், முதுகை வளைத்து, கண்ணைப் பாதத்தில் வைத்துப் போனாள். சந்தையில் ஆட்டின் குளம்பைப் பார்க்கிறவன்கூடக் கொஞ்சம் கூச்சத்தோடு பார்ப்பான். முதல் அடி தரையில் நின்றது. இரண்டாவதும் நின்றது. சண்முகவடிவு தன்னையறியாமல் முன் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மேடு இல்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மூன்றாவது அடியில் மகளுடைய குதிகாலுக்குக் கீழே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது.

பிரியந்தினி நின்றுவிட்டாள். கால் விரலை நீட்டித் தரையைத் தொடப் பார்த்தாள். ரத்னா குனிந்து அந்த இடைவெளிக்குள் தன் கைக்குட்டையை விட்டு இழுத்துப் பார்த்தாள். கைக்குட்டை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது.

"காலை நல்லா ஊணி வைம்மா," என்றாள் ரத்னா. குரலில் ஏற்கெனவே ஜாதகம் பொருந்தாமல் போயிருந்தது.

பின்னால் மூன்றடி வைத்தால் தரைக்கு வந்துவிடலாம். அழுதுகொண்டே வந்து வேனில் ஏறியிருக்கலாம். இதற்கு முன்னால் வந்த பெண்கள் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். பிரியந்தினி திரும்பி வேனைப் பார்த்தாள். தண்ணீர் வழிகிற கண்ணாடிக்குப் பின்னால், தான் உட்காரச் சொன்ன இடத்தில், அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மலைக்கு ஏறுகிற பொம்பளைகள் செய்கிற மாதிரி சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, முன்னால் குனிந்து, விறுவிறுவென்று ஏறத் தொடங்கினாள். எங்கேயும் கற்றுக்கொள்ளாத நடை அது. தபால் பெட்டியைத் தாண்டினாள், விளக்குத் தூணைத் தாண்டினாள். கொழும்புக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

சண்முகவடிவு வேன் கதவைத் திறந்தாள்.

"எறங்காதீங்க. பிள்ள வேணாம்னு சொல்லியிருக்கும்ல," என்றார் வைரவன்.

"அது கீழ இருக்கையில சொன்னதுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவள் ரத்னாவைக் கடந்து, ரத்னாவுக்கு மேலாக ஏறிப் போனாள். கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ள மறந்துவிட்டாள். உச்சியில் பிரியந்தினி முழங்காலைக் கட்டிக்கொண்டு வெறும் காற்றில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எல்லாம் போச்சும்மா என்றாள்.

"என்ன போச்சு? மேலதானே வந்திருக்க," என்று சண்முகவடிவு பக்கத்தில் உட்கார்ந்து மகளின் முகத்தைக் கறைபிடித்த விரலால் துடைத்தாள். "அந்தா பாரு, பெரிய ஹோட்டலு. கூரை மேல டயரு." பிரியந்தினி பார்த்தாள். டயர்களும், கல்லும், ஓட்டை வாளியும், கூரை நடுவில் செத்துக் கிடந்த ஒரு காகமும் தெரிந்தன. அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே வந்த முதல் நாள் அவளுடைய அம்மா சிரித்த அதே சிரிப்பு.

கீழே ரத்னாவின் கத்தல் குதிரைகளை மிரட்டிக்கொண்டிருந்தது. காணி என்றார்களே, சொந்தக் காணி என்றார்களே, தோட்டக்காட்டுக் கூட்டம் நம்மை ஏமாற்றிவிட்டதே என்று வீதி முழுவதற்கும் சொன்னாள். அதோடு நிறுத்தியிருந்தால் அவளுக்கு நல்லது. ஆனால் தன் சம்பந்தம் காற்றில் உட்கார்ந்து சிரிப்பதையும் அதைக் கொழும்புக்காரர்கள் படம் பிடிப்பதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மகனைக் கூப்பிட்டாள். "டேய், போய் நேர் கீழ நின்னு அவளை எறங்கச் சொல்லுடா!" என்றாள். தரணிதரன் பிரியந்தினியிடம் போனது காதலால் என்று பிறகு சொல்லிக்கொள்வான். ஊர் அறிந்தது, அவன் அம்மா சொன்னதால் போனான் என்பதுதான். குடையை முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மறுமுனையிலிருந்து தலையைக் குனிந்து, வேகமாக நடந்து வந்தான். கொஞ்ச தூரம் வந்ததும் மூச்சு வாங்கியது. இந்தச் சமதரையில் ஏன் மூச்சு வாங்குகிறது என்று குடையை விலக்கிப் பார்த்தான்.

"அம்மா," என்று கத்தினான், "நீங்க ஏன் பள்ளத்துல நிக்கிறீங்க?"

ரத்னா அண்ணாந்து பார்த்தாள். மகனுடைய சப்பாத்தின் அடிப்பாகம் தெரிந்தது; போன வாரம் அவளே வாங்கிக் கொடுத்த சப்பாத்து. முதலில் தன் காலைத்தான் பார்த்தாள். தரையில் இருந்தது. ஓங்கி மிதித்துப் பார்த்தாள், தரையில்தான் இருந்தது. தன் பக்கத்தில் குற்றம் இல்லை என்று தெரிந்து ஒரு கணம் அவளுக்கு நிம்மதிகூட வந்தது. பிறகுதான் அந்தக் கணக்கின் மறுபாதி தலைக்குள் போக, மெதுவாகத் திரும்பி வேனைப் பார்த்தாள்.

வைரவன் இறங்கிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தி, பூட்டி, பூட்டினதைக் கைப்பிடியை இழுத்துச் சரிபார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ரத்னாவுக்கு முன்னால் வந்ததும் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிற மாதிரி நின்றார்.

"வேன பூட்டிட்டேன்," என்றார்.

அப்புறம் ஏறினார். முப்பது வருஷமாக ஏறாத கால் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு இடத்திலும் நிற்காமல் நேரே உச்சிக்குப் போய், வெறுங்காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, சண்முகவடிவைப் பார்த்து, "நோர்வூட்டுத் தோட்டமுங்க. கீழ்ப் பிரிவு, மூணாவது லயம்," என்றார். அவள் சீனி நக்கின கையைப் பார்த்தாள். தனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று தன்மேலேயே கோபம் வந்தது. ஒரு லயத்து ஆள் இத்தனை காலம் வேனுக்குள் ஒளிந்து உட்கார்ந்திருந்ததை நினைத்து அவர்மேலும் வந்தது, அதைவிட அதிகமாக. "நல்லா பாத்துக்கிட்டீங்க போங்க, வேன," என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தரணிதரன் பிரியந்தினியின் கையைப் பிடித்திருந்தான்; விழுந்துவிடுவோம் என்ற பயம்தான், இருந்தாலும் பிடித்த கையை இறங்கி வந்த பிறகும் விடவில்லை. கீழே ரத்னா செத்துப்போன ஒரு துரையின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணம் ஆவணியில் ஹட்டன் கோயிலில் நடந்தது. எதை வைத்து வேண்டாம் என்று சொல்வது என்று ரத்னாவுக்குத் தெரியவில்லை. சண்முகவடிவு கையை வெளியே வைத்துக்கொண்டு மணமேடைக்குப் பக்கத்தில் நின்றாள். அதற்குப் பிறகு பஜாரில் பெண்ணை நடத்திப் பார்க்கிற வழக்கம் சத்தமில்லாமல் நின்றுபோனது. வேனைப் பார்த்துக்கொள்கிற புருஷன்மார் பல வீடுகளில் இருந்தார்கள் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

இப்போது ஒவ்வொரு ஏப்ரலிலும் இரண்டு குடும்பமும் சேர்ந்து கிரான்லி வீதிக்குப் போகிறது. நாலு பேர் மேட்டின் உச்சியில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு கீழே போகிறவர்களைக் கேலி பேசுவார்கள். ரத்னா கீழே நிற்பாள். முதல் வருஷம் ஒரே ஒருமுறை, வேறெங்கேயோ பார்த்துக்கொண்டு, "என்னையும் யாராச்சும் தூக்கிட்டுப் போனா என்னவாம்?" என்று கேட்டாள். சண்முகவடிவு அதற்கு மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். "கொழுந்தும் பிள்ளையும்னா செமப்போங்க சம்மந்தி. ஆளச் செமக்குற வேலைய எங்க ஆளுங்க துரைசாணியோட விட்டாச்சு." அதற்குப் பிறகு ரத்னா கேட்கவில்லை. ஆனால் ஒரு கூடையை மேலேயிருந்து கயிற்றில் இறக்குகிறார்கள். அவள் அதில் தேத்தண்ணி ஃபிளாஸ்கை வைத்து அனுப்புவாள். நடந்து போகிறவர்கள் கூடைக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போகப் பழகிவிட்டார்கள், பலகையை யாரும் படிப்பதில்லை. போன ஏப்ரலிலும் சண்முகவடிவு கூடையை இழுத்து, மூடியில் ஊற்றி, ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "சாயம் பத்தலைங்க சம்மந்தி," என்று ஃபிளாஸ்கைத் திருப்பி இறக்கினாள். ரத்னா அதை எடுத்துக்கொண்டு வீதியின் கோடியிலிருக்கிற கடைக்கு வேறு தேத்தண்ணி வாங்கப் போனாள். அவளுக்கு அது சமதரைதான், நடக்கச் சிரமமில்லை.